எம்1 காரண்டு: துல்லியம் குறித்த விமர்சனம்

1936-இல் அமெரிக்கத் தரைப்படை எம்1 காரண்டு என்னும் அரைத் தானியங்கித் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதற்குமுன் வீரர்கள் பழகியிருந்த 1903 ஸ்பிரிங்ஃபீல்டு, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய 'போல்ட் ஆக்சன்' வகையாகும். புதியது துல்லியத்தில் பழையதற்கு ஈடாகாது என்ற விமர்சனம் அப்போது எழுந்தது.

இவ்விமர்சனத்தில் பாதி உண்மை. எம்1-இல் வெடிமருந்து வாயுவின் ஒரு பகுதி நீண்ட தண்டு ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இவ்வாறு அசையும் பாகங்கள் அதிகம். மரக்கட்டையின் பொருத்தம் தளர்ந்தால் தோட்டாக்கள் சிதறிப் பதியும். 1943-இல் மறைந்திருந்து சுடுவோருக்குத் தொலைநோக்கி பொருத்திய 1903ஏ4 வழங்கப்பட்டது இதனோடு ஒத்துப்போகிறது. எனினும் அடுத்த ஆண்டே எம்1சி என்னும் தொலைநோக்கி வடிவமும் ஏற்கப்பட்டது.

மறுபாதி பழக்கம் சார்ந்தது. போல்ட்டை இழுக்கும் நேரம் மூச்சைச் சீராக்கும் இடைவெளியாகவும் அமைந்தது. எம்1-இல் அந்த இடைவெளியைச் சுடுபவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எட்டுத் தோட்டாக்கள் ஆயத்தமாக இருக்க, விசையை அவசரமாக இழுத்தால் குறி தவறும். அதைக் கருவியின் குறையாக எண்ணுவது பொருந்தாது.

பயிற்சித் திடலில் நிதானமாகச் சுட்ட தோட்டாக்களின் நெருக்கம் மட்டுமே துல்லியமன்று. இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டாவது தோட்டாவைச் சுட முடிவதும் துல்லியமே. 1942-இல் குவாடல்கனால் தீவில் ஸ்பிரிங்ஃபீல்டுடன் போரிட்ட மரைன் படையினர், தரைப்படையினர் கொண்டுவந்த எம்1-ஐப் பெற விரும்பினர்.