ரெஸ்யூமே தளத்தை யாரிடம் சோதிப்பது?

ரெஸ்யூமே எழுதித் தரும் சேவைக்கு இணையதளம் கட்டுகிறவர்கள் இன்று கைக்கொள்ளும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். பக்கங்களின் மாதிரியை வரைகிறார்கள். நாலைந்து பேரை அழைத்து அதன் முன் உட்கார வைக்கிறார்கள். படிப்பு விவரத்தைச் சேருங்கள், பணம் கட்டுங்கள், இறக்கிக்கொள்ளுங்கள் என்று வேலை கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொண்டு தளத்தைத் திருத்துகிறார்கள். பயனர் சோதனை என்று பெயர் பெற்ற இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் சென்னைப் புறநகரான பம்மல் போன்ற ஊரில், ரெஸ்யூமே போன்ற ஒரு பொருளுக்கு, சோதிக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேருவதற்குள் அது நின்றுவிடுகிறது. வேலை தேடுகிறவர் தளத்துக்கு வருவது கடைசிப் பொத்தானைத் தடுமாறாமல் அழுத்துவதற்காக இல்லை. அந்தத் தாளைப் பார்த்து ஒரு நிறுவனம் தன்னை அழைக்க வேண்டும் என்பதற்காக வருகிறார். அந்த அழைப்பு வரை எட்டாத சோதனை, எவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்டாலும், பாதிச் சோதனைதான்.

அதன் வலுவை முதலில் சொல்லிவிட வேண்டும். ரெஸ்யூமே தளங்களின் படிவங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு அச்சில் எழுந்தவை. பெயர் கேட்கும் இடத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டும் கட்டாயம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். ஒருவர் இரண்டாம் கட்டத்தில் ஒற்றை எழுத்தை அடிப்பார், போதாது என்று தளம் திருப்பி அனுப்பும். இன்னொருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார், மார்க் ஷீட்டில் ஒரு பெயரும் ரெஸ்யூமேயில் வேறு பெயருமாகி, சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அது கேள்வியாக வந்து நிற்கும். அரியர் பாக்கி உள்ள பொறியியல் மாணவருக்குப் ‘படிப்பு முடித்த ஆண்டு’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாது. ஒப்பந்தக்காரரிடம் ஆண்டுக்கணக்கில் ஷேவிங் மெஷின் ஓட்டிய தோல் தொழிலாளிக்கு ‘நிறுவனத்தின் பெயர்’, ‘சேர்ந்த மாதம்’, ‘விலகிய மாதம்’ என்ற மூன்று கட்டங்களுமே சிக்கல், ஏனென்றால் அவர் கையில் பணி நியமனக் கடிதம் என்று எதுவும் இருந்ததில்லை. வடிவமைப்பாளர் தம் அறையில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் ஊகித்துவிட முடியாது. ஓர் ஆளைத் தளத்தின் முன் உட்கார வைத்தால் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். இதைவிட மலிவான வழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

எத்தனை பேரை உட்கார வைப்பது என்பதில்தான் முதல் குறை தொடங்குகிறது. ஐந்து பேர் போதும் என்ற விதி, பயனர் சோதனை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் பெயரால் உலகமெங்கும் பரவியது. 1993இல் அவரும் தாமஸ் லாண்டவரும் வெளியிட்ட கணக்கில், ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளைக் காட்டிக்கொடுக்கிறார். அதன்படி ஐவர் சேர்ந்தால் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். 2001இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் இணையக் கடைகளைச் சோதித்தபோது முதல் ஐவர் கண்டது 35 விழுக்காடுதான். 2003இல் லாரா ஃபாக்னர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராகப் பொறுக்கிப் பார்த்தார். ஒரு குழுவுக்கு 99 விழுக்காடு கிடைத்தது, இன்னொரு குழுவுக்கு 55தான் கிடைத்தது. எந்த ஐவர் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. நீல்சனும் இதை மறைத்ததில்லை. பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலிருந்தும் ஆட்களை எடுக்க வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். விதியை எடுத்துக்கொண்டவர்கள் அந்த நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

பம்மலுக்கு அந்த நிபந்தனைதான் முக்கியம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. ஒரு பக்கம் நாகல்கேணி, குரோம்பேட்டை வரை நீளும் தோல் தொழில். இன்னொரு பக்கம் 1984இல் தாம்பரத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ். ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் ரேடியல் சாலை வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே வேலை தேடுகிறவர் என்று பொதுவாகச் சொன்னால் அதற்குள் இந்த ஆண்டு பி.காம். முடித்த பெண் இருக்கிறார், ஐ.டி.ஐ. ஃபிட்டர் இருக்கிறார், டேனரியை விட்டு வேறு வேலைக்குப் போக நினைக்கும் நாற்பது வயதுக்காரர் இருக்கிறார், குழந்தை பிறந்தபின் ஐந்தாறு ஆண்டு வீட்டிலிருந்துவிட்டு மீண்டும் வேலைக்குக் கிளம்பும் தாய் இருக்கிறார். ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசும் ஐந்து பட்டதாரிகளை வைத்துச் சோதித்துவிட்டு ‘பம்மல் பயனர்’ என்று அறிக்கை எழுதினால், நால்வகையில் ஒரு வகையைத்தான் பார்த்திருக்கிறோம்.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. வாய்விட்டுச் சொல்லுங்கள் என்ற முறை, எதிரே இருப்பவரிடம் குறையைக் குறையென்று சொல்லப் பழகிய மனிதரை வைத்து உருவானது. நம்மிடம் முகதாட்சண்யம் உண்டு. அதிலும் சோதிப்பவர் படித்தவர், லேப்டாப் அவருடையது, வந்தவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த நிலையில் வேலை தேடி நிற்கும் ஒருவர் “நல்லாத்தான் சார் இருக்கு, எனக்குத்தான் சரியா வரலை” என்பார். தளத்தின் பிழையைத் தம் பிழையாக ஏற்றுக்கொள்வார். இந்தியப் பயனர்களிடம் இந்தத் தயக்கத்தை நேரில் கண்ட ஆய்வாளர் அபலா லஹிரி சவான் அதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார். பாலிவுட் முறை என்று அது அறியப்படுகிறது. விமானச் சீட்டு பதிவு செய்யுங்கள் என்று வெறுமனே சொல்வதில்லை. உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்பவன், ஏற்கெனவே மணமானவன் என்று இப்போதுதான் தெரிகிறது, அவனுடைய மனைவியை அழைத்துக்கொண்டு உடனே போய்க் கல்யாணத்தை நிறுத்தியாக வேண்டும் என்று ஒரு கதைக்குள் பயனரை இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பதற்றத்தில் தளம் இடறினால் மரியாதை கரைந்து எரிச்சல் வெளியே வந்துவிடுகிறது. கேட்க நாடகமாக இருந்தாலும் இந்த முறைக்குள் ஒரு கூர்மையான புரிதல் இருக்கிறது. ரெஸ்யூமே தளத்துக்கு இவ்வளவு கதை கட்டவும் தேவையில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மெப்ஸில் வாக்-இன், இப்போது இரவு ஒன்பது, போனில் சார்ஜ் குறைவு, அச்செடுக்கும் கடை இன்னும் சிறிது நேரத்தில் மூடிவிடும் என்று சொன்னால் போதும். இது கற்பனைகூட இல்லை, பலருக்கு ரெஸ்யூமே தயாராவது இப்படித்தான்.

கடை என்றதும் இன்னொருவரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் பயோடேட்டா அடித்துத் தரும் ஆபரேட்டர் எந்தப் பயனர் சோதனையிலும் காணப்படுவதில்லை. வேலை தேடுகிறவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, விசைப்பலகையைத் தொடுபவர் இவர். எந்த வேலைக்கு எந்த விவரத்தை முன்னால் போட வேண்டும், எதைக் கேட்டால் ஆள் கூச்சப்படுவார் என்பது இவருக்குத் தெரியும். அதே சமயம், பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அச்செடுக்கும் பழக்கமும் இவருடையதுதான். எத்தனையோ ரெஸ்யூமேகளில் ‘நோக்கம்’ என்ற பத்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதற்கு அதுவே காரணம். இணையதளம் இவரை ஒழித்துவிடும் என்று நினைத்துக் கட்டுவது தவறு. பம்மலில் அந்தத் தளத்தை அதிகமாகப் பயன்படுத்தப் போகிறவர் அவராகவே இருக்கலாம். இருவர் சேர்ந்து ஒரு திரையைப் பார்க்கும்போது ரகசிய எண் யார் போனுக்கு வருகிறது, கோப்பு யாருடைய மின்னஞ்சலில் தங்குகிறது, கடைக் கணினியில் ஒருவரின் பிறந்த தேதியும் முகவரியும் எத்தனை நாள் கிடக்கிறது என்ற கேள்விகள் தனி ஆளை உட்கார வைக்கும் சோதனையில் எழவே எழாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தாளைப் படிக்கப் போகிறவரைச் சோதனை மறந்துவிடுவது. ரெஸ்யூமேக்குப் பயனர் இருவர்: எழுதுகிறவர் ஒருவர், ஹெச்.ஆர். மேசையில் அதைப் புரட்டுகிறவர் இன்னொருவர். அமெரிக்காவில் தி லேடர்ஸ் நிறுவனம் 2012இல் 30 ஆள்சேர்ப்பாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து, முதல் பார்வைக்கு அவர்கள் செலவிடுவது சராசரியாக 6 நொடி என்று அறிவித்தது. சிறிய ஆய்வு, வேலைவாய்ப்புத் தொழிலில் உள்ள நிறுவனமே நடத்தியது என்பதால் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்பது மட்டும் உறுதி. இந்த இரு பயனர்களின் விருப்பமும் மோதும் இடங்கள் உண்டு. எழுதுகிறவருக்கு வண்ணப் பட்டையும் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் நெடுவரிசைகளும் திறமையைப் புள்ளிகளால் காட்டும் படமும் பிடிக்கும், சோதனையில் அந்த மாதிரிக்கே ஓட்டு விழும். அதையே விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் தாறுமாறாக வாசித்து, அனுபவத்தைப் படிப்போடு கலந்துவிடக்கூடும். மதம், சாதி, மண நிலை ஆகியவற்றை எழுதும் பழைய பயோடேட்டா வழக்கமும் அப்படித்தான். கேட்டால் பலர் ‘அதுவும் இருக்கட்டும்’ என்றே சொல்வார்கள். ஆனால் சுகதேவ் தோராட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. பெயர் மட்டுமே இவ்வளவு செய்கிறது என்றால், மதத்துக்கும் சாதிக்கும் தனிக் கட்டம் வைத்துக் கேட்கும் தளம் தன் வாடிக்கையாளருக்கு எதிராகவே வேலை செய்கிறது. பயனர் விரும்பினார் என்பது இங்கே சரியான பதில் ஆகாது. அந்தக் கட்டத்தை நீக்குவதும், ஏன் நீக்கினோம் என்று இரண்டு வரியில் விளக்குவதும் வடிவமைப்பாளரின் கடமை.

சோதனை தவறான கையில் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ரெஸ்யூமே தளங்களில் ஒரு தந்திரம் பரவலாக உண்டு. அரை மணி நேரம் விவரங்களை நிரப்ப விடுவார்கள். இறக்கும் நேரத்தில்தான் கட்டணம் தெரியும், சிறு தொகைக்குச் சம்மதித்தால் அது மாதச் சந்தாவாக மாறும். நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தன. கட்டணத்தைக் கடைசியில் வெளிப்படுத்துவதும் சந்தாப் பொறியும் அதில் இருக்கின்றன. எத்தனை பேர் தயங்காமல் பணம் கட்டினார்கள் என்பதை மட்டும் அளக்கும் பயனர் சோதனை, இந்தப் பொறியை இன்னும் வழுவழுப்பாக்கவே உதவும்.

சோதனை அந்த அழைப்பு வரை எட்ட வேண்டும் என்ற வாதத்துக்கு வரும் மறுப்புகளில் இரண்டு கனமானவை. வேலை கிடைப்பது ஆயிரம் காரணங்களால், அதைத் தளத்தின் தலையில் கட்டலாமா என்பது ஒன்று. நியாயமான கேள்விதான், ஆனாலும் அளக்க முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. 2023இல் எம்மா வான் இன்வெகன், சனேலே முன்யிக்வா, ஜான் ஹார்ட்டன் மூவரும் ஓர் இணைய வேலைச் சந்தையில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை திருத்தும் உதவி கொடுத்தார்கள். அவர்கள் வேலைக்கு எடுக்கப்படுவது 8 விழுக்காடு கூடியது. ரெஸ்யூமே உதவி வீண் என்பவர்களுக்கும் இது பதில், விளைவை அளக்க முடியாது என்பவர்களுக்கும் இது பதில். பம்மலில் ஒரு சிறு சேவைக்கு 5 லட்சம் பேர் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்கலாம். அவ்வளவு பேர் வேண்டாம். அச்செடுத்த தாளை ஒரு ஹெச்.ஆர். கையில் கொடுத்து, அரை நிமிடம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, இவர் என்ன வேலை தெரிந்தவர், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டாலே தாள் பேசுகிறதா என்பது தெரிந்துவிடும். வேலை கிடைத்ததற்குத் தளம்தான் காரணமா என்று நிறுவும் சுமையும் அதில் இல்லை.

செலவு இரண்டாவது மறுப்பு. சிறிய நிறுவனம், ஐந்து பேரைக் கூட்டுவதே பெரிய பாடு, அதற்கு மேல் ஆபரேட்டர், ஹெச்.ஆர். என்று போனால் கட்டுப்படி ஆகாது என்பார்கள். நான் கூடுதல் ஆட்களைக் கேட்கவில்லை, அதே ஆட்களை வேறு விதமாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒரே மாதிரியான ஐவரில் நாலாமவரும் ஐந்தாமவரும் பெரும்பாலும் முன்னவர் காட்டிய குறையையே காட்டுவார்கள் என்பது நீல்சன் கணக்கிலேயே இருக்கிறது. அந்த இரண்டு நாற்காலிகளை வேறு ஆளுக்குக் கொடுப்பதால் பைசா கூடாது. சாட்ஜிபிடி இலவசமாக எழுதித் தரும்போது இப்படி ஒரு தளமே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் செய்த வேலையை எப்படிச் சொல்வது, எந்தச் சான்றிதழை முன்வைப்பது என்பதை அதனிடம் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்கு ரெஸ்யூமே சேவை தேவைப்படாது, தெரியாதவருக்குத் தேவைப்படும்.

பம்மலிலோ குரோம்பேட்டையிலோ இப்படி ஒரு தளம் தொடங்க நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். முதல் ஐந்து அமர்வுகளில் ஒன்றை டேனரித் தொழிலாளிக்கும், ஒன்றை ஜெராக்ஸ் கடை ஆபரேட்டருக்கும், ஒன்றை மெப்ஸ் நிறுவனம் ஒன்றின் ஹெச்.ஆர். மேசைக்கும் ஒதுக்குங்கள். மீதி இரண்டைக் கல்லூரி முடித்தவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் ரெஸ்யூமே எடுத்தவர்களை ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் அழைத்து, எத்தனை இடத்துக்கு அனுப்பினீர்கள், எங்கிருந்தாவது அழைப்பு வந்ததா என்று கேளுங்கள்.