எலும்பின் வர்க்கம்: சித்தப்பிரசாத்தின் பஞ்சச் சித்திரங்கள்

மெக்சிக்கோவின் மக்கட் சித்திரக்காரர் ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) மலிவு அச்சுத்தாள்களில் எலும்புக்கூடுகளைச் சிரிக்க வைத்தார். சீமாட்டியும் பணிப்பெண்ணும் சாவிற் சமம் என்பதே அச்சிரிப்பின் பொருள். வங்காள ஓவியர் சித்தப்பிரசாத் பட்டாச்சார்யாவிடம் (1915–1978) இச்சமத்துவம் இல்லை. அவர் வரைந்த எலும்புகள் ஒரே வர்க்கத்தினுடையவை; அவற்றுள் இன்னும் உயிர் இருந்தது.

1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, பொதுவுடைமைக் கட்சியின் ஓவியராக மிட்னாப்பூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து, கண்டவற்றைக் கரிய மையில் தீட்டினார். ‘பசித்த வங்காளம்’ என்னும் சிறுநூலாக அவை வெளிவந்தபோது, பிரித்தானிய ஆட்சி பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. இரக்கத்தை மட்டும் தூண்டும் படத்தை அதிகாரம் சகித்துக்கொள்ளும். சித்தப்பிரசாத்தோ படத்தோடு பெயரையும் ஊரையும் குறித்தார். பெயருள்ள சாவுக்குப் பொறுப்பாளி யார் என்ற வினா எழுந்தே தீரும். போடியாரின் வயலில் சூடு மிதித்தும் கடன் தீராத வயற்காரரை அறிந்த நமது கல்முனைக் கரையினருக்கு, நெல் விளையும் மண்ணிற் பசியும் விளைவது புதிரன்று.

1940களின் இறுதியிற் கட்சியிலிருந்து விலகிய பின்னரும், பம்பாயில் வறுமையில் வாழ்ந்தபடி அவர் லினோ அச்சைக் கைவிடவில்லை. எனினும், உழைக்கும் சிறுவரைப் பற்றிய பிற்காலத் தொடரில் தனிமனிதர் வகைமாதிரிகளாகின்றனர். வடிவம் இறுகுகின்றது, சாட்சியம் தளர்கின்றது. வகைமாதிரியையே யதார்த்தவாதத்தின் உச்சமெனக் கொள்ளும் அழகியல் இதற்கு விடை கூறியாக வேண்டும். மக்கள் என்ற பொதுச்சொல்லின் வலிமை, அதனுள் அடங்கிய பெயர்களை மறவாதிருப்பதிலேயே தங்கியுள்ளது என நாம் கருதுகின்றோம்.