கணக்கதிகாரமும் கணித விளக்க உரைநடையும்

கணிதத்தைத் தமிழில் விளக்கி எழுதுதலும், எழுதியதைக் கற்போர் கூட்டத்தில் பகிர்ந்து கொள்ளுதலும் இந்நாளில் பெருகி வருகின்றன. அவ்வெழுத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தைத் துணைக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

வட்டச் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கப் பரப்பு வரும் என்பது அந்நூலார் கூறும் விதி. இது முற்றும் சரியானது. சுற்றளவும் விட்டமும் அளக்கப்பட்டுவிடின் வேறு மாறிலி எதுவும் வேண்டுவதில்லை. ஆயின், பரப்பு ஏன் அவ்வாறு வருகின்றது என்பதைச் செய்யுள் கூறவில்லை.

பூசணிக்காயை அறுக்காமலே விதைகளை அறியும் கணக்கும் அந்நூலில் உண்டு. கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் முறையே பெருக்கி, பாதியைத் தள்ளி, மூன்றால் வகுக்க வேண்டும். கீற்று 10 ஆயின் 30, 180, 900, 450 எனச் சென்று 150 என முடியும். சுருக்கிப் பார்ப்பின் எஞ்சுவது ஒன்றே: கீற்றொன்றுக்கு 15 விதை. ஐந்து படிகளும் அவ்வொன்றை மறைத்து நிற்கின்றன. காய்தோறும் விதைகள் அவ்வாறே அமையும் என்பதற்கு உறுதியும் இல்லை.

என்றும் பொய்க்காத விதியும், காய்க்குக் காய் மாறக்கூடிய மதிப்பீடும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு ஒலிக்கின்றன. காரணம் கூறப்படாமையின் இரண்டனையும் வேறுபிரித்தறியக் கற்போனுக்கு வழியில்லை.

இதனை நூலின் குற்றமெனத் தள்ளுதல் பொருந்தாது. செய்யுள் நினைவிற்கு உரியது. விளக்கம் ஆசிரியன் வாய்மொழிக்கு உரியது. திண்ணைப் பள்ளியில் மனனமே கற்கும் நெறியாக விளங்கியதைச் செந்தில் பாபுவின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆசிரியன் அருகிருந்த காலத்தில் சூத்திரம் சுருங்கியிருத்தல் தகும்.

அருகில் ஆசிரியன் இல்லாத வாசகனுக்கோ உரைநடையே ஆசிரியன். தாமிரவருணிப் பகுதியின் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ. நா. அப்புசுவாமி அறிவியலைத் தமிழ்க் கட்டுரைகளாக எழுதியது அத்தகைய வாசகனுக்கே. இன்று வண்ணார்பேட்டையில் ஒரு மாணவன் எழுதும் கணித விளக்கமும் முன்பின் அறியாத பலரைச் சென்றடைகின்றது. அவன் விதியை மட்டும் எழுதின் பழைய சுருக்கமே எஞ்சும். உடனிருந்து விளக்கும் வாய்மொழி இராது.

காரணம் கூறுதல் அரிதன்று. வட்டத்தை நடுவினின்று பல மெல்லிய கூறுகளாக அறுத்து, தலைமாற்றி ஒன்றோடொன்று அடுக்குக. கூறுகள் மெலியுந்தோறும் அவ்வடுக்கு நீள்சதுரத்தை நெருங்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. இச்சில தொடர்களால் விதி நம்பத்தக்கதாவதோடு, மறந்தவழி மீட்கத்தக்கதாகவும் ஆகின்றது. பூசணிக் கணக்கை இவ்வாறு விளக்க முயல்வோன் இடையில் நின்றுவிடுவான். அந்நிறுத்தமே அதன் தன்மையைக் காட்டிவிடும்.

ஆதலின், கலைச்சொல்லின் தூய்மையும் நடையின் எளிமையும் கணித விளக்கத்திற்கு வேண்டுவனவே எனினும், அவை முதன்மையான அளவுகோல் ஆகா. படித்தவன் எழுதியவனையே சோதித்துப் பார்க்க வல்லனாகின்றானா என்பதே முதன்மையானது. தமிழில் கணிதம் எழுதுவோரின் எழுத்தை இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுதல் தமிழாய்வார் கடன் என்பது நம் துணிபு.