சுலுவின் குரலும் இல்லத்தின் நீதியும்

தமிழில் 'இல்லாள்' என்னும் சொல் இல்லத்துக்கு உரியவளைக் குறிக்கும். அதனையே ஆண்பாலாக்கி 'இல்லான்' என்றால், ஒன்றுமில்லாதவன் என்று பொருள் மாறிவிடுகிறது. அரபி மொழியும் குடும்பத் தலைவியை 'ரப்பத்துல் பைத்' என்று அழைக்கிறது; வீட்டின் உரிமையாட்டி என்பது அதன் பொருள். இரு மொழிகளும் இத்துணை உயர்த்திப் பேசும் அப்பெண்மணிக்கு, நடைமுறையில் எவ்வளவு உரிமை இருக்கிறது? சிரிக்க வைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட ஓர் இந்தித் திரைப்படம் இக்கேள்வியை எழுப்புவதால், அதனை இங்கே ஆராய எடுத்துக்கொண்டோம்.

சுரேஷ் திரிவேணியின் இயக்கத்தில் 2017 நவம்பரில் வெளிவந்த 'தும்ஹாரி சுலு' என்பதே அப்படம். 'உங்கள் சுலு' என்று தமிழில் சொல்லலாம். கதைத் தலைவி சுலோசனாவாக வித்யா பாலன் நடித்திருக்கிறார். மும்பைக்கு வடக்கே, புறநகர் இரயில் பாதையில் உள்ள விராரில் கணவன் அசோக்குடனும் பள்ளி செல்லும் மகனுடனும் வாழ்பவள் சுலு. பன்னிரண்டாம் வகுப்பில் தேறாதவள். வங்கியில் பணிபுரியும் இரட்டைச் சகோதரியர் அதனைச் சுட்டிக்காட்ட ஒருபோதும் தவறுவதில்லை. ஆயினும் அவள் சோர்ந்துவிடவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் ஏந்தி ஓடும் பந்தயமாயினும், வானொலி நடத்தும் போட்டியாயினும் கலந்துகொள்கிறாள். தன்னால் முடியும் என்பதே அவளது பல்லவி. போட்டியில் வென்ற பரிசைப் பெற வானொலி நிலையத்துக்குச் சென்றவள், அங்கேயே அறிவிப்பாளர் வேலை கேட்டு நிற்கிறாள்.

இந்த ஆசையைப் படம் எள்ளி நகையாடவில்லை. இதுவே அதன் முதற் சிறப்பு. படிப்பில் பின்தங்கிய ஒரு பெண்ணை மூடத்தனத்தின் உருவமாக்கிச் சிரிப்பு மூட்டுவது எளிது. இங்கோ சிரிப்பு அவளிடமிருந்து பிறக்கிறதேயன்றி, அவள்மீது எறியப்படுவதில்லை.

அவளுக்குக் கிடைப்பது இரவு நிகழ்ச்சி. தனிமையில் இருக்கும் ஆடவர் தொலைபேசியில் அழைப்பர். குழைந்த குரலில் அவள் விடை கூற வேண்டும். இத்தகைய நிகழ்ச்சியை நம் வாசகர் பலர் முகஞ்சுளித்தே நோக்குவர். அதில் நியாயமும் உண்டு. ஆனால் புடவையுடுத்தி ஒலிபெருக்கியின் முன் அமரும் சுலு, அழைப்பவர்களிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பரிவோடு பேசுகிறாள். வக்கிரத்தோடு தொடங்கும் பேச்சையும் மனிதத் துயரத்தின் பக்கம் திருப்பிவிட அவளால் முடிகிறது.

மானவ் கௌல் நடித்த அசோக் பாத்திரமும் நம் கவனத்துக்குரியது. அவன் கொடியவனல்லன், மனைவியை நேசிப்பவன். தையல் நிறுவனத்தில் அவனுக்கு நேரும் அவமானங்களும், இரவில் மனைவியின் குரல் அந்நியர் செவியில் விழுகிறதே என்ற உறுத்தலும் சேர்ந்து அவனைச் சிறுகச் சிறுக மாற்றுகின்றன. நல்லவனொருவன் நியாயம் தவறும் விதத்தை இத்துணை நுட்பமாகக் காட்டிய படங்கள் அதிகமில்லை.

மகன் பள்ளியில் தவறிழைத்து அகப்படும்போது குடும்பம் கூடுகிறது. நேரே தாயின் வேலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பகலெல்லாம் வெளியே உழைத்த தந்தையிடம், 'நீ ஏன் கவனிக்கவில்லை?' என்று கேட்பாரில்லை. பொருளீட்ட ஆண் வெளியே சென்றால் அது கடமை; பெண் சென்றால் அது புறக்கணிப்பு. இந்த இரட்டை அளவுகோலைப் படம் தெளிவாகக் காண்கிறது. பின்னர் மகன் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பக் கிடைக்கவும், சுலு வேலையைத் துறக்கிறாள்.

இவ்விடத்தில்தான் நமக்கு மனக்குறை. வானொலி நிலைய ஊழியர்களுக்கு உணவு வழங்கும் தொழிலை ஏற்று, அதனைக் கணவன் பொறுப்பில் விட்டு, சுலு மீண்டும் ஒலிபரப்புக்குத் திரும்புவதாகப் படம் முடிகிறது. இம்முடிவு இனிமையானது, பார்ப்போர் மகிழ்ச்சியோடு எழுந்து செல்லலாம். ஆனால் அவளைக் குற்றஞ்சாட்டியவர்கள் எவரும் தம் தீர்ப்பைத் திரும்பப் பெறவில்லை. கணவனுக்கும் ஒரு தொழில் அமைந்ததால் பிணக்கு தீர்ந்ததேயொழிய, நியாயம் வழங்கப்பட்டதால் தீரவில்லை. அவனுக்கு வேறு வேலை கிடைக்காதிருந்தால் சுலுவின் குரல் என்னவாகியிருக்கும்? படம் இதற்கு விடை கூறாமல் புன்னகையோடு நழுவிவிடுகிறது.

இக்கதையே 2018இல் ராதா மோகன் இயக்கத்தில், ஜோதிகா நடிக்க, 'காற்றின் மொழி' என்று தமிழிலும் வந்தது. எந்த மொழியில் காண்பினும், குடும்பத்தோடு அமர்ந்து காணும் நம் வாசகர்கள் அந்தக் குடும்ப விசாரணைக் காட்சியில் சற்றே நின்று சிந்திக்க வேண்டுகிறோம். பிள்ளை தவறும்போது நம் வீட்டில் முதற் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? அதனைத் தாயும் தந்தையும் சேர்ந்தே எதிர்கொள்ளும் வீட்டில்தான் 'இல்லாள்' என்ற சொல் தன் முழுப் பொருளோடு விளங்கும்.