சோதியாது பரப்புதல்: ‘மானர்ஸ்’ நெறிகள் பற்றி ஒரு நோக்கு

எந்த முகவரியை எவ்வழியால் அடையலாம் என வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று அறிவிப்பதாலேயே இணையம் இயங்குகின்றது. 1989 இல் வெளிவந்த பீஜீபீ நெறிமுறை இவ்வறிவிப்புகளை நம்பியதேயன்றிச் சோதிக்கவில்லை.

2008 பெப்ரவரியில், யூரியூப்பை உள்நாட்டில் தடுப்பதற்கெனப் பாக்கிஸ்தான் ரெலிகொம் செய்த பொய்யான வழியறிவிப்பு வெளியே சென்றது. அதற்கு மேலிணைப்பு வழங்கிய பீசீசீடபிள்யூ அதனைச் சோதியாது உலகெங்கும் பரப்பியது. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் யூரியூப் பலருக்கு எட்டாததாயிற்று.

தவறிழைத்தவர் ஒருவரா, இருவரா? வழிப்படுத்தற் பாதுகாப்புக்கென 2014 இல் தோன்றிய ‘மானர்ஸ்’ நெறிகளை நோக்குமிடத்து, இருவருமே எனலாம். வாடிக்கையாளரின் அறிவிப்பைச் சோதித்த பின்னரே பரப்புதல் வேண்டும் என அவை விதிக்கின்றன. பரப்புபவனையும் பொறுப்பாளியாக்கியமை அவற்றின் சிறப்பாகும்.

எனினும், தாமாக விரும்பிச் சேர்ந்தோரையே அவை கட்டுப்படுத்தும். சோதிக்கும் செலவு ஒருவருக்கு. சோதியாமையின் இழப்போ பெரும்பாலும் வேறொருவருக்கு. இம்முரண்பாட்டை நல்லெண்ணம் மட்டும் தீர்க்காது. இணைப்பை விலைக்கு வாங்கும் அரச நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இந்நெறிகளைத் தம் ஒப்பந்தங்களில் நிபந்தனையாக்குதல் வேண்டும். அன்றேல் அவை ஒழுங்குள்ளோரின் உறுதிமொழியாகவே நின்றுவிடும்.