ராக்கிக்கு விலக்கு, பொங்கல் சீருக்கு வரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி. திருவள்ளூரில் தன் வீட்டு மெஷினைத் தானே சரிபார்க்கும் ஒருவர். இரண்டு பேரும் ஒரே சீன விற்பனையாளரிடம் ஒரே 1,000 ரூபாய் பாகத்தை ஆன்லைனில் வாங்குறாங்கன்னு வைங்க. கணக்கு 2021 விகிதப்படி.

கம்பெனிக்கு அந்தப் பாகத்துக்கான சுங்கம், 7.5% என்று வைத்துக்கொள்வோம். சுங்கத்தில் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ். இதையெல்லாம் கூட்டி அதன்மேல் 18% ஐஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 277 ரூபாய். ஆனா ஐஜிஎஸ்டி 195 ரூபாய் இன்புட் கிரெடிட்டாகக் கிடைச்சுடும். கையை விட்டுப் போறது 82.50.

வீட்டுக்காரரின் பார்சல் '9804' என்ற தலைப்பில் போய் விழும்: சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள். உள்ளே என்ன இருக்குன்னு பெரிசா கவலை இல்லை. சுங்கம் 35%, சர்சார்ஜ் 3.5%, அதன்மேல் ஐஜிஎஸ்டி 28%. ஆக 773 ரூபாய். கிரெடிட்டும் கிடையாது.

ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிச்சு வகைப்படுத்த ஆள் போதாது, அதனால ஒரே விகிதம் என்பது புரியுது. நாங்களும் கோடில் 'டிஃபால்ட்' எழுதுவோம். ஆனால் டிஃபால்ட்டை எதுக்கு உச்சத்தில் வைக்கணும்?

முன்பு 5,000 ரூபாய் வரை 'பரிசு' என்றால் விலக்கு இருந்தது. விற்ற சரக்கையே பரிசு என்று எழுதி அனுப்பினார்கள். 2019 டிசம்பர் 12-ல் பரிசு வழியே தடைசெய்யப்பட்டது. விதிவிலக்கு இரண்டுதான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. (ராக்கியோடு வரும் பரிசுக்குக் கிடையாது! சிங்கப்பூர் அத்தை அனுப்பும் பொங்கல் சீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.)

இதன் விலை 2021 ஏப்ரலில் தெரிந்தது. மூச்சுக்கு அலைந்த நேரத்தில், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரைப் பரிசாகத் தருவிக்க ஏப்ரல் 30-ல் தனியாக ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது. அதுவரை, வியாபாரத்துக்குக் கொண்டுவந்தால் ஐஜிஎஸ்டி 12%, தனக்காகத் தருவித்தால் 28%. மே 1-ல்தான் இரண்டையும் 12% ஆக்கினார்கள். அரசு ஏஜென்சி வழியாக இலவச விநியோகத்துக்கு வந்தால் வரியே இல்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கருவிக்காக 85 வயதுப் பெரியவர் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அப்படிப் பரிசாக வருவதற்கு ஐஜிஎஸ்டி விதிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று மே 21-ல் தீர்ப்பு வந்தது.

ஜூன் 1-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. வழக்குப் போட்டது ஒன்றிய நிதி அமைச்சகத்தின் மேல். மேல்முறையீட்டுக்குப் போனதும் அவர்களேதான்.