சீவாளி, தோல்பை, பறை: ஸ்காட்லாந்துக் குழலிசையின் பள்ளிகள்

ஸ்காட்லாந்தின் பேக்பைப்பில் ஒன்பது சுரங்கள்தான். தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தியதும் விரல்குழலான சாண்டரும், தோளில் சாய்ந்த மூன்று ஒத்துக் குழல்களும் சேர்ந்து எழும். அதன்பின் ஒலியைக் கூட்டவும் முடியாது, தணிக்கவும் முடியாது, இடையில் நிறுத்தவும் முடியாது. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால் நடுவில் இன்னொரு சுரத்தை இமைப்பொழுதில் தொட்டு மீள வேண்டும். அந்த மரபின் இலக்கணம் முழுவதும் இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். தொடுசுரம் தெளிவாக விழுகிறதா என்பதே இன்றும் வித்துவத்தின் முதல் உரைகல்.

பீப்ராக் என்பது இக்கருவியின் கனமான உருப்படி. மெல்ல நடக்கும் ஒரு மூல மெட்டு. அதன்மேல் படிப்படியாகச் சிக்கலாகும் விரிவுகள். உச்சத்துக்குப் போனபின் மறுபடி மூல மெட்டு. நன்றாக வாசித்தால் பத்து, பதினைந்து நிமிடம் கேட்பவரை அசையவிடாது. ஸ்கை தீவில் போரெரெய்க் என்னும் இடத்தில் வாழ்ந்த மக்ரிம்மன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக டன்வேகன் கோட்டையின் மக்லவுட் தலைவர்களுக்குக் குழலூதியது. தொலைதூரத்து மாணவர்கள் அந்த வீட்டுக்கு வந்து தங்கிப் படித்தார்கள். பாடம் எல்லாம் வாய்வழி. நம் தவில் மாணவர் சொற்கட்டைச் சொல்லிச் சொல்லிப் பழகுவதுபோல, அங்கேயும் ஆசிரியர் அசைகளாகப் பாடுவார். பெரும்பாலும் உயிரொலி மெட்டின் சுரத்தைக் காட்டும், மெய்யொலி தொடுசுரத்தைக் காட்டும்.

1746இல் கலோடன் போரில் ஹைலாண்டு படை தோற்றபின் அரசு குழலையே தடை செய்தது என்று பல நூல்களில் படிக்கிறோம். சட்டம் ஆயுதத்தையும் ஹைலாண்டு உடையையும்தான் பெயர் சொல்லித் தடுத்தது. குழல் அதில் இல்லை. உண்மையில் மரபைத் தளர்த்தியது, குழலோரைப் பேணிவந்த குலத்தலைவர்களின் வீடுகள் மாறிப்போனதுதான். ஆதரவு போன இடத்தைப் போட்டி நிரப்பியது. லண்டன் ஹைலாண்டு சங்கம் 1781இல் ஃபால்கர்க் நகரில் பரிசுப் போட்டி நடத்தியது. 1838இல் ஆங்கஸ் மக்கே பீப்ராக் உருப்படிகளை ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பில் அச்சிட்டார். அந்த நூல் பல மெட்டுகளைக் காப்பாற்றியது. கூடவே, அச்சிட்ட வடிவமே சரியானது என்ற பிடிவாதத்தையும் வளர்த்தது. முதற்பயனுக்காக இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஏனெனில் தாள் ஒன்றானாலும் வாசிப்பு ஒன்றாகிவிடவில்லை. கேமரன் வழி, மக்பெர்சன் வழி என்று இரு பாணிகளைப் பெரியவர்கள் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள். கேமரன் வழியை ஜான் மக்டூகல் கில்லிஸ் கிளாஸ்கோ நகருக்குக் கொண்டுவந்தார். மக்பெர்சன் வழி இன்வர்னெஸ் ஜான் மக்டொனால்டு மூலம் பாப் பிரவுன், பாப் நிக்கல் ஆகிய இருவருக்கு வந்தது. இருவரும் பால்மோரல் அரச பண்ணையில் வேலை பார்த்தவர்கள். ‘பால்மோரலின் இரு பாப்கள்’ என்றால் குழலுலகம் முழுதும் தெரியும். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே விரைவது என்பது அவர்கள் பாடிக்காட்டக் கேட்டால்தான் பிடிபடும். அதனால்தான் அவர்களிடம் தொலைநாட்டு மாணவர்களும் தேடி வந்தார்கள்.

அணிவாசிப்பு வேறு உலகம். குழலும் பறையும் சேர்ந்த பைப் பேண்டு ராணுவத்தில் உருவாகி, காவல்துறைக்கும் சுரங்க ஊர்களுக்கும் கிராமங்களுக்கும் பரவியது. 1930இல் அமைந்த ஸ்காட்டிஷ் பைப் பேண்டு சங்கம் (1980 முதல் ராயல் பட்டத்துடன்) அணிகளைத் தரவாரியாகப் பிரிக்கிறது: உச்சியில் முதல் தரம், அடியில் நான்காம் தரமும் புதியவர்களும். மூன்று, நான்காம் தரங்களுக்குள் ஏ, பி என்ற உட்பிரிவுகளும் உண்டு.

போட்டிக் களத்தில் முதல் சில நொடிகளே பாதி கதையைச் சொல்லிவிடும். பறை இரண்டு உருட்டல் போடும். இரண்டாவது உருட்டலில் ஒத்து எழவேண்டும். பிறகு அத்தனை சாண்டர்களும் ஒரே கணத்தில் திறக்கவேண்டும். இருபது குழலோர் என்றால் அறுபது ஒத்து, இருபது சாண்டர். ஒரு சீவாளி வெயிலில் சுருதி ஏறினாலும் வெளியே தெரியும். ஒருவர் முந்திக்கொண்டு கீச்சிட்டாலும் தெரியும். நடந்து வந்து வட்டமாக நின்று வாசிக்கும் அணியைச் சுற்றி நடுவர்கள் நடப்பார்கள். குழலுக்கு இருவர், பறைக்கு ஒருவர், ஒட்டுமொத்த இசைவுக்கு ஒருவர். இசைவுக்கென்று தனி நடுவர் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பறை மெட்டைத் தாங்குகிறதா, மிதிக்கிறதா என்று கேட்க ஒரு காது வேண்டும். ஷாட்ஸ் அணியின் அலெக்ஸ் டூதார்ட் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பறை நுட்பங்களை உள்வாங்கி, மெட்டோடு பேசும் பறை வாசிப்பை எழுதியபின் அந்தக் காதுக்கு வேலை கூடிவிட்டது.

ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடக்கும் உலகப் போட்டியின் முதல் தரப் பட்டத்தை 1987இல் கனடாவின் 78ஆம் ஃப்ரேசர் ஹைலாண்டர்ஸ் வென்றபோது, அது முதன்முறையாக ஸ்காட்லாந்துக்கு வெளியே போனது. பிறகு ஆஸ்திரேலியாவும் அயர்லாந்தும் வென்றன. ஆனால் என்னை அதிகம் கவர்வது இன்வரேரி. ஃபைன் என்னும் கடற்கழியின் கரையில், ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். ஸ்டூவர்ட் லிடெல் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்து, 2005இல் புதியவர் பிரிவில் இறக்கினார். தரம் தரமாக ஏறி, 2017இல் அந்த அணி உலக முதலிடம் பெற்றது.

ஊர் அணிகளின் வலு அங்கேதான் இருக்கிறது. தோல்பையைத் தொடுமுன் மாதக்கணக்கில் பயிற்சிக் குழலில் விரல் பழகவேண்டும். கருவியின் விலையோ ஏழை வீட்டுக்கு எட்டாது. பல ஊர் அணிகள் பாடத்தை இலவசமாகச் சொல்லித் தந்து, குழலையும் கில்ட் உடையையும் இரவலாகக் கொடுக்கின்றன. பரிசு பெறாத அணிக்கும் நடுவர்களின் எழுத்துக் குறிப்பு கிடைக்கும்: எந்த இடத்தில் ஒத்து விலகியது, எந்தத் திருப்பத்தில் பறை முந்தியது என்று. அடுத்த பயிற்சி நாளில் ஆசிரியர் முதலில் எடுத்துப் படிப்பது அந்தத் தாளைத்தான்.